மழையை எண்ணிய மெஷின்

1. கையால் சுற்றிய காலம்

கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் மேசையில் ஒரு கணக்கு மெஷின் இருந்தது. பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்னுக்குச் சுற்றினால் கூட்டும், பின்னுக்குச் சுற்றினால் கழிக்கும். பெருக்குவதென்றால் தோள் வலிக்கும் வரை சுற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்கிற ஆளைத்தான் கந்தோரின் பழைய ஆட்கள் 'கொம்பியூட்டர்' என்று சொன்னார்கள். இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருக்கும். அறுபதுகளின் பிற்பகுதி அது. அந்தச் சொல் அப்போது மெஷினுக்கும் இருந்தது, மனிதருக்கும் இருந்தது.

நான் முல்லைத்தீவுக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். கணக்கில் நல்ல புள்ளி எடுத்திருந்ததால் இந்த வேலை கிடைத்தது. மழைமானியில் அளந்த மழை, குளத்து அளவுகோலில் எழுதிய நீர்மட்டம், மதகால் விட்ட தண்ணீர், இவற்றைக் கூட்டிக் கழித்து எஞ்சினியருக்குக் கொடுப்பதுதான் என் கடமை.

எஞ்சினியரின் பெயர் சிவஞானம். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. முதல் நாளே என் மேசைக்கு வந்து கைப்பிடியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"பிலோமினா, இது எத்தினை நாளைக்கு எண்டு நினைக்கிறீர்?"

"பழுதாகிப் போச்சோ சேர்?"

"பழுதாகேல்லை. ஆனா கொழும்பிலை ஒரு மெஷின் வந்திருக்கு. நீர் ஒரு மாசம் சுத்துறதை அது தேத்தண்ணி குடிச்சு முடிக்க முன்னம் செய்துபோடும்."

அப்படியென்றால் என் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்தார். "அதுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? நாங்கள்தானே" என்றார்.

அந்தக் கிழமையே எனக்கு ஃபோர்ட்ரான் என்ற கொம்பியூட்டர் மொழியைச் சொல்லித் தரத் தொடங்கினார். எங்கள் கந்தோரில் கொம்பியூட்டர் கிடையாது. கிளிநொச்சியிலேயே கிடையாது. ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும் இருந்தன. அவர் இங்கிலாந்தில் முதலில் பழகிய மெஷினுக்குக் கட்டளைகளை வெறும் எண்களாகவே எழுத வேண்டும் என்றார். எந்த இலக்கம் மெஷினுக்குள் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பதைக்கூட எழுதுகிறவனே ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஒரு மெஷினுக்கு எழுதியது இன்னொரு மெஷினுக்கு விளங்காது. பிறகு, எண்ணுக்குப் பதிலாகச் சொல்லை எழுதினால் அதை எண்ணாக மாற்றித் தரும் கம்பைலர் வந்தது. ஃபோர்ட்ரான் வந்தபோது, பள்ளிக்கூடத்தில் சமன்பாடு எழுதுவது போலவே எழுதக்கூடியதாக இருந்தது என்றார்.

அவர் பலகையில் எழுதிய முதல் விதி இது. கணக்கில் வரும் ஓர் அளவுக்கு நாம் வைக்கும் பெயரின் முதல் எழுத்து I முதல் N வரையான ஆங்கில எழுத்துகளில் ஒன்றானால் அது முழு எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்கு மட்டும். புள்ளிக்குப் பின்னால் எதுவும் அதில் தங்காது. மற்ற எழுத்துகளில் தொடங்கினால் தசமம் தங்கும். நான் அதைக் கொப்பியில் எழுதி, மனப்பாடமும் செய்தேன்.

2. கொழும்பில் ஒருவர்

புரோகிராமைக் கட்டம் போட்ட கோடிங் ஷீட்டில் பென்சிலால் எழுதுவோம். அதைத் தபாலில் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே பஞ்ச் செய்கிற பெண்கள் ஒவ்வொரு வரியையும் ஒரு கார்டில் துளையிடுவார்கள். கார்ட்டுக் கட்டு மெஷினுக்குள் போகும். ஒரு கிழமை, ஏழெட்டு நாள் கழித்து முடிவு தபாலில் திரும்பி வரும். ஓர் இடத்தில் கமா விட்டுப் போயிருந்தால் முடிவுக்குப் பதிலாக அந்தக் கமாவைப் பற்றிய ஒரு வரி மட்டும் வரும். அதற்காக இன்னொரு கிழமை காத்திருக்க வேண்டும். அதனால் அனுப்பும் முன் நானும் சிவஞானம் சேரும் மெஷின் போலவே நடித்து, வரிக்கு வரி கையால் ஓட்டிப் பார்ப்போம்.

திரும்பி வரும் கட்டோடு சிவப்புப் பென்சிலால் எழுதிய ஒரு துண்டு இருக்கும். 'ஒரு கார்ட் மடங்கியிருந்தது. புதிதாகப் பஞ்ச் செய்தேன்.' 'நேற்று மின்சாரம் நின்றது. மறுபடி ஓட்டினேன்.' இங்கிலிஷில் எழுதி, கீழே மென்டிஸ் என்று கையெழுத்து. அவர்தான் மெஷின் ஒப்பரேட்டர். முகம் தெரியாத மனிதர்.

யாருடைய வேலை முதலில் போவது, எந்த டேப்பை மாட்டுவது, எப்போது கம்பைலரை ஏற்றுவது, சுற்றிக்கொண்டே நிற்கும் புரோகிராமை எப்போது நிறுத்துவது, எல்லாம் அவர் கையில். இன்று ஒப்பரேட்டிங் சிஸ்டம் செய்யும் வேலை இது. எங்களுக்கு அப்போது மென்டிஸ்தான் ஒப்பரேட்டிங் சிஸ்டம்.

3. ஊர்ப் பெயர்கள்

எங்கள் பகுதியில் ஒரு பெரிய குளம். அதன் கீழ் குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்து முன்னமே காணி பெற்றவர்கள் நெல் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால், காடு வெட்டிய விளிம்பில், இன்னும் சில குடும்பங்கள் கொட்டில் போட்டு இருந்தன. திட்டத்தை விரிவாக்கினால் அவர்களுக்கும் காணி. விரிவாக்குவதற்குக் குளத்தில் தண்ணீர் காணுமா, போதுமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கொட்டில்களில் ஒன்றில் இருந்தவர் இராசமணி அக்கா. காலையில் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு கந்தோருக்கு வருவார். அவருடைய புருசன் வேலுப்பிள்ளை கூலி வேலைக்குப் போவார்.

"தங்கச்சி, எங்கடை குளத்துக் கணக்கு முடிஞ்சுதோ?" என்று பார்சலைத் தரும்போதெல்லாம் கேட்பார்.

"இன்னும் இல்லை அக்கா. கொழும்புக்குப் போயிருக்கு."

"கணக்குப் பாக்கிறதுக்கு ஏன் கொழும்புக்குப் போகுது? நீங்கள் எல்லாரும் இஞ்சைதானே இருக்கிறியள்."

பல வருட மழையை நாளுக்கு நாள் எடுத்து, அந்தந்த நாளில் குளம் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று பார்க்கும் புரோகிராம் அது. கையால் செய்தால் எனக்கு ஒரு வருடம் போதாது. முதலில் சிறிய அளவில் ஓட்டிப் பார்த்தோம். சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் சேர் ஒரு நாள் சொன்னார்.

"மெஷினுக்கு இங்கிலிஷ் தெரியும் எண்டு ஆர் சொன்னது? அதுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். எங்கடை பேரை வைப்பம்."

இருவரும் உட்கார்ந்து பெயர் மாற்றினோம். ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பதால் அது ஒரு விளையாட்டுப் போல இருந்தது. குளத்தின் உயரம் UYARAM ஆயிற்று. வெயில் குடிக்கும் தண்ணீர் AAVI. நிலம் உறிஞ்சியது போக மிஞ்சி, குளத்தை நோக்கி ஓடி வரும் மழைக்கு முன்பு RUNOFF என்று இருந்தது. அதை அவர் MALAI என்று மாற்றினார். கோடிங் ஷீட்டில் எங்கள் சொற்களைப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முடிவு வந்தது. குளம் அநேகமான வருடங்களில் நிரம்பவே இல்லை என்று வந்தது. இருக்கும் வயலுக்கே தண்ணீர் மட்டுமட்டு.

சேர் தாளை என் பக்கம் தள்ளினார். "அளவுகோல் வாசிப்போடை ஒரு கிராஃப் போட்டுப் பாப்பம்" என்றார். ஆனால் மேலிடத்துப் பெரிய எஞ்சினியர் தொலைபேசியில் நெருக்கினார். கூட்டம் ஒன்று இருந்தது. அறிக்கை உடனே வேண்டும்.

"மெஷின் என்ன சொல்லுது சிவஞானம்?"

"காணாது எண்டுதான் சொல்லுது சேர். ஆனா நான் இன்னும் ஒருக்கால் பாத்திட்டு..."

"மெஷின் சொன்னாப் பிறகு என்ன ஒருக்கால்? அனுப்பும்."

அறிக்கை போயிற்று. காணிக் கந்தோர் ஆட்கள் கொட்டில்களுக்குப் போய், விரிவாக்கம் இல்லை, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் இராசமணி அக்கா இடியப்பத்தோடு வந்தார். பார்சலை மேசையில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

"அக்கா, என்ன செய்யப் போறியள்?"

"அவர் பூநகரிக்குப் போயிட்டார். அங்கை வயல் வேலை இருக்காம். கூரைக் கிடுகை எல்லாம் பிரிச்சுக் கட்டி வைச்சிட்டன். மாசம் முடிய நானும் போறன்."

4. காணாமல் போன மழை

நெருக்கடி முடிந்த பிறகு சேர் கிராஃபை நினைவுபடுத்தினார். மெஷின் சொன்ன உயரத்தை ஒரு நிறத்திலும், அளவுகோலில் உண்மையாக வாசித்த உயரத்தை இன்னொரு நிறத்திலும் கீறச் சொன்னார். இரண்டு கோடும் ஒரே இடத்தில் தொடங்கின. கார்த்திகை மழை வந்ததும் உண்மைக் கோடு மேலே ஏறியது. மெஷினின் கோடு கொஞ்சம் ஏறிவிட்டுச் சோர்ந்து நின்றது. குளம் நிரம்பி, வான் என்கிற வழிகாலால் தண்ணீர் பாய்ந்த வருடங்களில்கூட மெஷினின் குளம் அந்த வானைத் தொடவில்லை.

தாளை அவரிடம் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தவுடன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கையோ மழையைத் துலைச்சிட்டம் பிள்ளை."

புரோகிராமை எடுத்து வரிக்கு வரி ஓட்டினோம். ஒருவர் வாசிக்க மற்றவர் கணக்குப் போட்டோம். மூன்று நாள் பார்த்தும் பிழை அகப்படவில்லை. கையால் ஓட்டினால் சரியாகவே வந்தது. மெஷினில் ஓட்டினால் பிழையாக வந்தது. தபாலில் அனுப்பிக்கொண்டிருக்க நேரம் இல்லை, குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன. நாங்களே கார்ட்டுக் கட்டுடன் கொழும்புக்கு ரயில் ஏறினோம். நான் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் தங்கினேன்.

மெஷின் அறை குளிராக இருந்தது. மென்டிஸ் நாற்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான மனிதர். கார்ட் ரீடரில் சிக்காதபடி டையை மடித்துச் சட்டைப் பொத்தானுக்குள் செருகியிருந்தார். அவர் சிங்களவர், எங்களோடு இங்கிலிஷில் பேசினார். சேர் விஷயத்தைச் சொன்னதும், புரோகிராமை அச்சிட்ட தாளை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலுடன் குனிந்தார். எங்களைப் போல அவர் அதை வாசிக்கவில்லை. சொற்கள் அவருக்கு விளங்கவில்லை, ஆகவே எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு போனார்.

ஓர் இடத்தில் பென்சில் நின்றது.

"மிஸ், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார்.

"மழை" என்றேன்.

"உங்கள் ஊரில் மழையை எண்ணுவார்களா, அளப்பார்களா?"

கேள்வி எனக்கு விளங்கவில்லை. "அளப்போம். அங்குலத்தில்" என்றேன்.

"மெஷின் எண்ணிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லி, MALAI என்ற சொல்லின் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

M. I முதல் N வரையான எழுத்துகளில் ஒன்று. அந்தப் பெயருக்குள் தசமம் தங்காது. ஒன்றே முக்கால் அங்குலம் ஓடி வந்தால் மெஷின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. முக்கால் அங்குலம் வந்தால் பூச்சியம். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த மழையெல்லாம் அந்த மெஷினுக்கு மழையே இல்லை. எங்கள் வன்னியில் குளத்தை நிரப்புவதில் பாதி அந்த மழைதான். அந்தக் கம்பைலரும் ஒரு சொல் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. வேறு சில கம்பைலர்கள், எண்ணும் பெயரையும் அளக்கும் பெயரையும் ஒரே வரியில் பெருக்க விட்டிருக்காது.

நாங்கள் ஏன் அதைக் காணவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நாங்கள் MALAI என்று வாசித்தபோதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது மழை. தசமத்தை நாங்களே சேர்த்துப் பெருக்கினோம்.

சேர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். "முதல் கிழமை உமக்கு நான்தானே பலகையிலை எழுதிக் காட்டினனான்" என்றார்.

திருத்தம் மிகச் சிறியது. MALAI என்ற பெயருக்கு முன்னால் ஓர் X. அந்தப் பெயர் வரும் கார்டுகளை மட்டும் நானே பஞ்ச் மெஷினில் உட்கார்ந்து புதிதாக அடித்தேன். எங்களுக்கு முன்னால் பெரிய இலாகா ஒன்றின் சம்பளக் கணக்கு தட்டில் காத்திருந்தது. மென்டிஸ் அந்தத் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அந்த வேலைக்கான டேப்பைச் சுற்றி எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் உங்களுடையது ஓடினால் யாருக்கும் நட்டமில்லை" என்றார்.

அச்சு மெஷின் சத்தம் போடத் தொடங்கியது. தாள் வெளியே வர வர, வான் பாய்ந்த வருடங்களை நான் விரலால் தேடினேன். மெஷினின் குளமும் அந்த வருடங்களில் வான் பாய்ந்தது. விரிவாக்கத்துக்கு முழுவதும் தண்ணீர் இல்லை. ஆனால் பெரும் பகுதிக்கு இருந்தது.

5. கிராஃபும் சனமும்

சேர் புது அறிக்கையை அனுப்பினார். பெரிய எஞ்சினியர் தொலைபேசியில் பேசியது அறைக்கு வெளியே எங்களுக்குக் கேட்டது. சேர் "ஓம் சேர், பிழை என்ரைதான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒப்புதல் வந்ததும், காணிக் கந்தோர் ஆட்களை அனுப்பாமல் தானே ஜீப்பில் போனார். கிராஃபைச் சுருட்டிக்கொண்டு நானும் போனேன்.

நிறையக் கொட்டில்கள் கூரையில்லாமல் வெறும் கப்புக் கால்களாக நின்றன. மிஞ்சியிருந்தவர்கள் கூடினார்கள். பக்கத்து வயல்காரர்களும் வந்தார்கள். சேர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். "மெஷின்லை பிழை இல்லை. நான் அதுக்குச் சொல்லிக் குடுத்ததிலை பிழை."

இராசமணி அக்கா முன்னுக்கு நின்றார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"முதல் சொன்னதையும் நம்பினனாங்கள் ஐயா. இப்ப சொல்லுறதையும் நம்பச் சொல்லுறியளோ?"

சேர் என்னிடமிருந்து கிராஃபை வாங்கி ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

"நம்ப வேண்டாம் அக்கா. நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ." ஒரு வருடத்தில் விரலை வைத்தார். "இந்த வருசம் வான் பாஞ்சதோ?"

"பாஞ்சது" என்றார் ஒரு வயல்காரர். "ரோட்டும் உடைஞ்சது."

"இது?"

"அது காஞ்ச வருசம். சிறுபோகம் செய்யேல்லை."

"இது?"

அவர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒருவர் பாய்ந்தது என்றார், மற்றவர் இல்லை என்றார். கடைசியில் வானின் விளிம்புக்குக் கிட்ட வந்து நின்றது என்று ஒத்துக்கொண்டார்கள். கிராஃபிலும் கோடு வானுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இப்படியே வருடம் வருடமாகப் போனோம். வெயில் ஏறியது. யாரும் போகவில்லை.

முடிந்தபோது இராசமணி அக்கா கேட்டார்: "போன ஆக்களுக்கு?"

"தேடிப் பிடிக்கிறம்" என்றார் சேர்.

6. பிறகு

அடுத்த வருடம் நான் கொழும்புக்கு மாற்றம் பெற்று, அதே மெஷின் அறையில் புரோகிராமராகச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் கன்ட்ரோல் புரோகிராம் ஒன்று டேப்பில் வந்தது. அதை ஏற்றிவிட்டால் வேலைகளை அதுவே வரிசைப்படுத்தும், கம்பைலரை அதுவே அழைக்கும், ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கும். மென்டிஸ் அந்த டேப்பைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போலப் பிடித்தார். "என் வேலை முழுவதும் இதற்குள் இருக்கிறது" என்றார். சில மாதம் போனபின், "நல்ல வேலைக்காரன். ஆனால் ஒருவர் எதற்காக அவசரப்படுகிறார் என்று இவனிடம் சொல்ல முடியாது" என்றார். அதன் பிறகு கோபோல் என்ற மொழியைப் படித்தேன், வேறு மொழிகளும் வந்தன. ஒவ்வொரு பெயரையும் முதலிலேயே அறிவித்து, அது எண்ணுவதா அளப்பதா என்று எழுதியாக வேண்டும் என்ற மொழிகள் வந்தபோது, இளம் பிள்ளைகள் வீண் வேலை என்று அலுத்துக்கொண்டார்கள். நான் அலுக்கவில்லை.

அந்த நாட்களை நினைக்க எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது. கொம்பியூட்டரே இல்லாத ஊரில், வெண்கட்டித் தூசியோடு ஒரு மொழியைப் படித்த சுகம் பிறகு வரவில்லை.

சேர் சொன்னபடி தேடினார். சனி, ஞாயிறு என்று பாராமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போவார். பூநகரியில் வேலுப்பிள்ளையை வயலுக்குள் இறங்கியே கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியவர்களில் சிலர் வந்தார்கள். சிலர் ஒரு தரம் பட்டது போதும் என்று வர மறுத்தார்கள். இன்னும் சிலர் எங்கே போனார்கள் என்று யாருக்குமே தெரியவில்லை. அவர்களுக்கென்று வைத்திருந்த காணிகளை இரண்டு போகம் வரைக்கும் வேறு எவருக்கும் கொடுக்க விடாமல் சேர் பிடித்து வைத்திருந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

எனக்குக் கீழே வேலை பழகியவர்களுக்கு நான் ஒரு விஷயத்தைத்தான் பிடிவாதமாகச் சொல்லி வந்தேன். கிராஃபைக் கீறாமல் முடிவை வெளியே விடாதீர்கள். புரோகிராமைத் திருத்தி மறுபடி ஓட்ட எங்களுக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. பிரித்துக் கட்டிய கிடுகோடு லொறியேறிப் போனவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை.